சிரட்டை பறந்த உயரம்

சிரட்டை மேலே போய்க்கொண்டே இருக்கிறது, புகைக்குழாயின் வாயில் கவிழ்த்து வைத்த வெறும் தேங்காய்ச் சிரட்டை, இஞ்சின் முதல் இருமலை இருமியதும் படீரென்று எகிறி, கரும்புகைக்கு முன்னால், ரப்பர் மரங்களின் கொப்புகளைத் தாண்டி, வெயில் கண்ணைக் கூசவைக்கிற இடம்வரை போய்விட்டது, நேசையன் புல்டோசரின் இருக்கையில் இருந்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறான், அது இறங்கி வரட்டும், எங்காவது விழுகிற சத்தம் கேட்கட்டும், அப்புறம் கியரைப் போடலாம் என்று காத்திருக்கிறான், அது வருவதாக இல்லை. மழைத்தண்ணீர் குழாய்க்குள் இறங்காமல் இருக்க வைக்கிற சிரட்டைதான், ஆனால் காலையில் அதை எடுக்காமலே ஸ்டார்ட் செய்து எவ்வளவு உயரம் போகிறது என்று பார்ப்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் உள்ள கிறுக்கு, உயரமாகப் போனால் இஞ்சினுக்கு உசிர் இருக்கிறது, காலடியில் விழுந்தால் அன்றைக்கு முழுக்க ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். பாத்தியளா அண்ணே, என்று கீழே நின்று கத்துகிறான் மெக்கானிக் சிலுவைதாசன், டீசல் பம்பு திருகாணியை இன்னும் கொஞ்சம் தொறந்தாச்சு, இனி இவன் கிழவன் இல்ல, மாப்பிள்ளையாக்கும். மாப்பிள்ளை சரிவில் பாதிவரை போனான், பிளேடில் ஒரு வாய் செம்மண்ணை அள்ளினான், முனகினான், உடம்பெல்லாம் நடுங்கினான், பிறகு நேற்று நின்ற அதே இடத்தில் மண்டிபோட்டு நின்றுவிட்டான்.

இந்த ஏற்றம் ஒன்றுதான் பாக்கி, மேல்தோட்டத்துக்குப் போகிற வழியில் மற்றதையெல்லாம் வெட்டியாகிவிட்டது, லாசர் முதலாளி வந்து குடையை ஊன்றிக்கொண்டு நின்று சொல்லிவிட்டுப் போனார், நேசையா, இடவப்பாதி மழை இறங்கதுக்குள்ள இத முடிச்சா வண்டி கெடக்கட்டும், இல்லன்னா காஸ் வச்சு அறுத்து இரும்புக்குப் போட்டுருவேன், புது மெஷினுக்குச் சொல்லியாச்சு. புது மெஷினில் கண்ணாடி அறை இருக்கும், அதற்குள் இருந்து விரலால் ஓட்டுகிற பையன்கள் இருப்பார்கள், நேசையன் இருக்கமாட்டான், அவனுக்கு இந்த இரும்பு இருக்கையைத் தவிர வேறெங்கும் இருக்கத் தெரியாது, வீட்டுத் திண்டில் சாய்ந்தாலும் கை லீவரைத் தேடும். அதற்காக இந்த இருக்கையின்மேல் அவனுக்குப் பெரிய ஆசை என்று சொல்லிவிட முடியாது, ஏறவும் பயம், இறக்கிவிடுவார்களோ என்றும் பயம், இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குத்தான் இடம். சிலுவைதாசன் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்துவிட்டான், காற்று வடிகட்டியைத் தட்டிப் புதுசாக்கினான், டீசல் பீச்சுகிற நாசிலையெல்லாம் மாற்றினான், எந்த லாரியிலிருந்தோ கழற்றிய டர்போவைக் கொண்டுவந்து வெல்டு வைத்து மாட்டினான், ஒவ்வொன்றுக்கும் சிரட்டை இன்னும் கொஞ்சம் உயரம் போகிறது, வண்டி மட்டும் போகமாட்டேன் என்கிறது. மூச்சு நல்லாத்தான் விடுதான், நடக்கத்தான் மாட்டேங்கான், என்று தலையைச் சொறிகிறான், ஒருக்கா நான் இருந்து ஓட்டிப் பாக்கட்டா அண்ணே. வேண்டாண்டே, அதுக்கு ஒன்னைத் தெரியாது. வேற யாரைத்தான் அதுக்குத் தெரியும், என்று சிரிக்கிறான் சிலுவைதாசன், அது சரி, வலது பிரேக்கு லைனிங் மட்டும் ஏன் இப்படித் தேயுது, இடதுக்குப் போட்டது போட்டபடி கெடக்குது. சரிவுல ஓட்டுனா தேயத்தான் செய்யும் என்று நேசையன் சொல்கிறான், எத்தனையோ வருஷமாகச் சொல்லி வருகிற பதில்தான், சொல்லிச் சொல்லி அவனே நம்பிவிட்டான்.

மறுபடி ஏற்றுகிறான், புகை கறுத்துக் கொட்டுகிறது, வண்டி வலப்பக்கம் இழுக்கிறது, இடது லீவரைத் தொட்டுத் தொட்டுச் சரிசெய்கிறான், கை அதைத் தானாகவே செய்யும், எங்கிருந்தோ முடி கருகுகிற வாசம் வருகிறது, அந்த வாசம் வந்ததும் சரிவு திரும்பிக்கொள்கிறது, ஏற்றம் இறக்கமாகிவிடுகிறது, வண்டிக்குப் புது மஞ்சள் பெயிண்டு, அவனுக்குத் தலை நிறைய முடி, ராத்திரி பெய்த மழையில் செம்மண் வெண்ணெயாகக் கிடக்கிறது, வண்டி போகிறது, அவன் ஓட்டவில்லை, அதுவாகப் போகிறது, கர்த்தாவே என்கிறான், ஒரு அயனிமரம் இடப்பக்கச் சக்கரச் செயினைத் தாங்கிக்கொள்ள, மூக்கு மட்டும் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது, இஞ்சின் அணைந்துவிட்டது, கியர் நழுவிவிட்டது, பிளேடு அந்தரத்தில் தொங்குகிறது, இறக்கினாலும் ஊன்றுவதற்கு மண் இல்லை, இடது பிரேக் கைவிட்டுவிட்டது, மிச்சம் இருப்பது வலது பிரேக்கும் அதன்மேல் இருக்கிற அவனுடைய காலும். பிளேடுக்கு நேர் கீழே ஒரு ஓட்டு வீடு. அசையாத நேசையா, சங்கிலி கொண்டு வாறோம், கால எடுத்துராத, என்று கத்திக்கொண்டே எல்லோரும் ஓடுகிறார்கள், ஓடிப் போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை, நடுப்பகல், கெண்டைக்கால் துடிக்கத் தொடங்குகிறது, தொடை மரத்துப்போகிறது, மூத்திரம் முட்டுகிறது, வேர்வை கண்ணுக்குள் இறங்குகிறது, துடைக்கக் கையைத் தூக்கவும் பயம். அப்போதுதான் வீட்டு முற்றத்தில் ஒரு பெண் வந்து நிற்கிறாள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மேலே பார்க்கிறாள், போயிருங்க, ஓடிப் போயிருங்க என்று இவன் அலறுகிறான், எங்கப்பனுக்கு இடுப்பெலும்பு ஒடிஞ்சு உள்ள கெடக்குதாரு, அவரப் போட்டுட்டு எங்க ஓட, என்று அவள் கேட்கிறாள், பிறகு, காலு கடுக்குதா என்கிறாள், இல்ல என்கிறான். வாழ்க்கையில் இவன் அவளுக்குச் சொன்ன முதல் பதில் பொய்.

அவள் றோஸ்லெட், அவள் உள்ளே போனாள், வந்தாள், அடுப்பு மூட்டினாள், அப்பனுக்குக் கஞ்சி கொடுத்தாள், பிளேடுக்குக் கீழேயே அன்றைக்கு வேலையெல்லாம் செய்தாள், இடையிடையே வெளியே வந்து, இருக்கியளா என்றாள், இருக்கேன் என்றான், அதைத் தவிர இருவருக்கும் பேச ஒன்றுமில்லை, வேறு பேச்சு தேவையாகவும் இல்லை. கோயில் மணி அடிக்கிற நேரத்தில் சங்கிலிகள் வந்தன, வண்டியை மூன்று மரங்களில் கட்டினார்கள், கட்டிலோடு அவள் அப்பனைத் தூக்கிப் போனார்கள், இனி எறங்கு நேசையா என்றார்கள், அவனால் முடியவில்லை, கால் அவன் சொன்னதைக் கேட்கவில்லை, இரண்டு பேர் ஏறி வந்து அந்தக் காலைப் பிடித்துத் தூக்கிக் கீழே வைத்தார்கள், எடுத்துவிட்டதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். இடுப்பு சரியானதும் அவள் அப்பன் ஆளனுப்பினார், எம் மவ தலைக்கு மேல அத்தன நேரம் பொறுத்தவன விட்டுட்டு அவள வேற எவனுக்குக் குடுக்க, கல்யாணம் ஆயிற்று, கட்டிலின் கால்மாட்டுச் சுவரில் ஒரு இடத்தில் காரை உதிரத் தொடங்கிற்று, உறக்கத்தில் இவன் வலது கால் அங்கே போய் அழுத்தும், அழுத்திக்கொண்டே விடியும், றோஸ்லெட் முதலில் சிரித்தாள், பிறகு சுவரைப் பூசினாள், பிறகு பூசுவதை விட்டுவிட்டு ஒரு சாக்கை மடித்து அங்கே வைத்தாள், பிள்ளைகள் பிறந்து வளர்ந்து ஆளுக்கொரு திசையாகப் போனார்கள், சாக்கு மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. இவனுக்கு அதெல்லாம் தெரியாது, உறங்குகிறவனுக்கு என்ன தெரியும், கனவில் ஒரு சிரட்டை மேலே போய்க்கொண்டே இருக்கும், அது விழாதவரை அசையக்கூடாது, அவ்வளவுதான் தெரியும்.

இன்றைக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தூக்குச்சட்டியில் கொண்டுவந்த றோஸ்லெட், வண்டி மண்டிபோட்டு நிற்கிற சரிவில், அதன் பின்னால், கீழேயிருந்துதான் ஏறி வருகிறாள், மேற்கே வானம் கறுத்துவிட்டது, இன்னைக்கு ஏறல்லன்னா நாளைக்கு காஸ்காரன் வருவான் என்று சிலுவைதாசன் முனகுகிறான், திரும்பிப் பார்த்த நேசையனுக்கு அவள் கீழே வருவது தெரிகிறது, இஞ்சினைக் கூட்டுகிறான், வண்டி துடிக்கிறது, நகரவில்லை. அவள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாள், முடி கருகுகிற இந்த வாசம் அவளுக்குத் தெரியும், இவன் நிக்கரில் இந்த வாசத்தைத்தான் கல்யாணமான நாள் முதல் துவைத்துக்கொண்டிருக்கிறாள், தூக்குச்சட்டியைச் சிலுவைதாசன் கையில் கொடுத்துவிட்டுப் பக்கவாட்டில் வந்து பார்க்கிறாள், லீவர்களைப் பார்க்கவில்லை, புகையைப் பார்க்கவில்லை, நேராகக் காலைத்தான் பார்க்கிறாள். இஞ்ச பாருங்க, அந்தக் கால ஏன் சவுட்டிட்டு இருக்கிய. எந்தக் கால. ராத்திரி செவுருல சவுட்டுத கால. நேசையன் குனிந்து பார்த்தான், வலது கால் பிரேக்கின்மேல் இருந்தது, அது அங்கே இருப்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தான், அவனுக்கு அழுகையும் வெட்கமும் சேர்ந்து வந்தன, ஒரு கையால் எதையோ முழு பலத்தோடு பிடித்துக்கொண்டு மறு கையால் அதையே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறான், இஞ்சின் இளசாக இருந்தவரை அந்தக் காலின் கனம் அதற்குத் தெரியவில்லை, இப்போது தெரிகிறது, எம்மாடியோ, இதுக்கா நான் லாரியில இருந்து டர்போ கழத்திட்டு வந்தேன் என்கிறான் சிலுவைதாசன். எடுங்க என்றாள். எடுக்கேன் என்றான். எடுக்க முடியவில்லை, முழங்காலுக்குக் கீழே இருப்பது வேறு யாருடையதோ, நீ கீழ நிக்குத றோஸ்லெட், என்று திணறினான், நீ கீழ நின்னா நான் எப்பிடி எடுப்பேன், தள்ளிப் போ, இல்ல, போனாலும் எடுக்க முடியாது, என்னால முடியாது.

அவள் தள்ளிப் போகவில்லை, முந்தானையைச் செருகிக்கொண்டு செயினில் கால் வைத்து ஏறினாள், அவ்வளவு வருஷத்தில் அந்த வண்டியில் அவள் ஏறியதே இல்லை, யாரும் ஏறச் சொன்னதும் இல்லை, பிரேக்குக்குப் பக்கத்து இரும்புத் தளத்தில் சம்மணம்போட்டு உட்கார்ந்தாள், கீழ யாரும் இல்ல, நான் மேலதான் இருக்கேன், என்று சொல்லி, இரண்டு கையாலும் அந்தக் காலைப் பிடித்துத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள், பெருவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், இனி விடுங்க. வண்டி ஒரு குதி குதித்தது, சிலுவைதாசன் திறந்துவிட்ட டீசல் முழுவதும் இப்போதுதான் செயினுக்கு வந்து சேர்ந்தது, மண் பிளேடுக்கு முன்னால் புரண்டு புரண்டு போயிற்று, கறுப்பாகக் கொட்டிய புகை வெளிறியது, பயத்தில் நேசையன் வாய்விட்டுக் கத்தினான், கால் அவள் மடியில் மீனைப்போலத் துள்ளியது, அவள் விடவில்லை, ஏறிக்கொண்டே இருக்கிறார்கள், அயனிமரமா ரப்பர்மரமா எதுவோ பின்னால் போகிறது, இருக்கியளா என்கிறாள், இருக்கேன் என்கிறான், மீண்டும் மீண்டும் இறங்கி மண்ணை அள்ளித் தள்ளி ஏறும்போதெல்லாம் அதையே கேட்டுக்கொள்கிறார்கள், கடைசியில் ஏற்றம் என்று ஒன்று இல்லாமலாகி வண்டி சமதளத்தில் நிற்கிறது.

இஞ்சினை அணைத்தான், காது இரைந்தது, கீழே சிலுவைதாசன் தூக்குச்சட்டியைத் தலைக்குமேல் தூக்கி ஆடிக்கொண்டிருந்தான், கறி சிந்துகிறது என்று சொல்லக்கூட இவர்களுக்குத் தோன்றவில்லை. வண்டி இருக்கும், காஸ்காரன் வரமாட்டான், நேசையனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, நெஞ்சு நிறையச் சந்தோஷமாக இருந்தது. மழை வருது என்று றோஸ்லெட் எழுந்தாள், இடுப்பில் செருகியிருந்த எதையோ எடுத்தாள், ஒரு சிரட்டை, ஒரு பக்கம் கரிபிடித்த சிரட்டை, வாற வழியில கெடந்தது, அந்நேரம் வந்திருந்தா எந் தலையிலல்லா விழுந்திருக்கும், என்று சொல்லியபடி முந்தானையால் பிடித்துச் சூடான குழாயின் வாயில் கவிழ்த்து வைத்தாள், பிறகு செயினைப் பிடித்துக்கொண்டு, சமதரையில், அசையாத வண்டியிலிருந்து மெதுவாகக் கீழே இறங்கத் தொடங்கினாள், அவள் ஒரு காலைத் தரையை நோக்கி நீட்டியதும், நேசையனின் செருப்பில்லாத வலது கால் தானாகப் போய் பிரேக்கை அழுத்தியது. அவள் அதைப் பார்த்தாள். எறங்கியாச்சு, இனி எடுங்க, என்றாள். எடுத்தாச்சு என்றான். எடுத்துவிட்டதாகத்தான் அவனும் நினைத்தான். முதல் துளி சிரட்டையின்மேல் டொக்கென்று விழுந்தது, பிறகு இன்னொன்று, அவள் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, அந்தக் கால் பார்க்கும்படி, வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றாள்.