பெட்டிக்குள் வைத்த பலகை

மாலை ஆறு மணிக்கு ஊரடங்கு. அதற்கு முன் ஜன்னல்களைச் சாத்திவிட வேண்டும். துறைமுகத்தை ஒட்டி நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், அந்தப் பகுதி வழக்கப்படி, உள்ளும் புறமும் கப்பலுக்கு அடிக்கும் பெயின்ற்தான். கடற்காற்றுக்கு உரியாது என்று வீட்டுக்காரர் வருடாவருடம் பெருமையோடு புதிதாக அடிப்பார். சாத்திய அறைக்குள் அதன் நெடி மாதக்கணக்கில் நிற்கும். என் மனைவி கமலேஸ்வரிக்கு முட்டு வருத்தம். சுவரில் தலையணையைச் சாய்த்து, உட்கார்ந்தபடியே மூச்சிழுத்து விடியவைப்பாள்.

உப்புவெளியில் சிறு வீடு கட்டத் தொடங்கியபோது எனக்கு ஒரே எண்ணம்தான்: ஜன்னல் சாத்தியிருந்தாலும் அவள் படுத்து உறங்க வேண்டும்.

நான் அதிகம் பேசுபவன் அல்ல. யாரையும் கேட்காமல், ஒரு பலகையில் கப்பல் பெயின்ற், இன்னொன்றில் கடைப் பெயின்ற், மூன்றாவதில் கிண்ணியா வியாபாரி ஸெய்னுதீன் கொண்டுவந்த சிப்பிச் சுண்ணாம்பு என்று பூசிக் காயவிட்டேன். ஒவ்வொன்றையும் தகரப் பெட்டிக்குள் ஒரு நாள் பூட்டிவைத்து, பிறகு திறந்து அவளை மணந்து பார்க்கச் சொன்னேன்.

முதலாவதுக்கு, "ஏலாது, நெஞ்சடைக்குது." இரண்டாவதுக்கும் அதுதான். சுண்ணாம்புக்கும் அதேதான்.

மறுநாள் ஸெய்னுதீனிடம் சுண்ணாம்பு வேண்டாம் என்றேன்.

"என்ன மாஸ்டர், சுண்ணாம்பும் மணக்குமா? சென்றியில ஆமிக்காரங்க மூட்டையைக் கம்பியால குத்திக் குத்திப் பாத்தாங்க. தும்மினாங்களே தவிர மணக்குதெண்டு சொல்லல்லயே!"

அந்த வாரமே கமலேஸ்வரியின் தம்பி யோகலிங்கம் புதுவீடு குடிபூரலுக்குப் பரிசாக இரண்டு வாளி கப்பல் பெயின்ற்றோடு வந்தான். நடந்ததைக் கேட்டு, பெட்டிக்குள் தலையை விட்டவன், சிரித்துக்கொண்டே வெளியே எடுத்தான்.

"அத்தான், பெட்டியல்லோ மணக்குது! அக்கா கலியாணச் சீலைக்குப் போட்ட பூச்சி உருண்டை!"

சீலைகளை எடுத்தோமே தவிர, மணத்தை எடுக்கவில்லை.

"பதினாலு வருசமாப் போடுறனான். எனக்கு அது மணமாகவே தெரியேல்லை" என்று சிரித்த கமலேஸ்வரி, உள்ளே போய்ப் புதுப் பானையைக் கொண்டுவந்தாள்.

"பால் காய்ச்ச வாங்கின பானையெல்லோ அக்கா?"

"பாலுக்கு வேறை வாங்குவம். நீ பேசாமல் இரு."

சுண்ணாம்புப் பலகையைப் பானைக்குள் வைத்து மூடினோம். அடுத்த நாள் திறந்து முகத்தைக் குனித்தவள், வெகுநேரம் நிமிரவில்லை. நான் காத்திருந்தேன்.

"ஒண்டுமில்லை. பானைதான் மணக்குது."

பிறகு கப்பல் பெயின்ற் பலகை. மூடியைத் திறக்கும்போதே அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யோகலிங்கம் இரண்டு வாளிகளையும் தூக்கினான்.

"நான் வாசல் கேற்றுக்கு அடிக்கிறன் அத்தான். அதுக்கு முட்டு வராது."

ஸெய்னுதீனிடமே சுண்ணாம்பு வாங்கிப் பூசினோம். சுவர் காய்ந்த பின், ஒரு வெள்ளிக்கிழமை புதுவீட்டில் இன்னொரு பானையில் பால் பொங்கியது. ஆறு மணிக்கு ஜன்னல்களைச் சாத்தினோம்.

விடியலில் கண் விழித்தேன். தலையணை சுவரில் சாய்ந்திருக்கவில்லை. அவள் ஒருக்களித்து, கன்னத்தின் கீழ் கையை வைத்துப் படுத்திருந்தாள். கொழுக்கி சத்தம் போடும் என்று, வெயில் ஏறும்வரை நான் ஜன்னலைத் திறக்கவில்லை.