தெருப் பட்டியல்

தண்ணீர் மீட்டர்க் குழியின் மூடியைக் கம்பியால் நெம்பித் தூக்கி, அதை முழங்காலில் சாய்த்துக்கொண்டு, மீட்டர்காரர் கைபேசியைப் பார்த்தபடி நின்றார். திரையில் வளையம் சுற்றிக்கொண்டிருந்தது. ஆப் செய்யும் அலுவலகத்திலிருந்து வந்திருந்த அவள் பக்கத்தில் நின்றாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்துக் களைத்துப் படுத்தேவிட்டது.

"ரீடிங் எடுக்க இதுதான் உங்க புது ஆப்பாம்மா?"

"சோதனைக்குத்தாண்ணே. பழசும் இதுலயே இருக்கு, அதைத் தட்டுங்க."

தட்டினார். விரலை எடுப்பதற்குள் தெருவின் வீடுகளெல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"நல்லாத்தானே ஓடுது? எதுக்கு மாத்தறீங்க, கை சும்மா இருக்காதா?"

பழசு அவள் செய்தது. கைபேசிக்குள் இருக்கும் டேட்டாபேஸிலிருந்து எதை எடுக்க வேண்டும், எப்படி எடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு குவெரியையும் கையாலேயே எழுதியிருந்தாள். அதற்காகத்தான் அவளை ஒப்பந்தத்தில் வைத்திருந்தார்கள். புதிதாக வந்த தலைமை மென்பொருள் வடிவமைப்பாளருக்கு அது பொறுக்கவில்லை. டீ ஆறிவிட்டது என்பதைக்கூடப் படம் போட்டு விளக்குகிறவர் என்பதால் அலுவலகம் அவருக்குப் பிரசங்கி என்று பெயர் வைத்திருந்தது. குவெரிகளைத் தானே எழுதிக்கொள்ளும் லைப்ரரி என்ற ஆயத்த மென்பொருள் இருக்கும்போது தனியாக ஆள் எதற்கு என்பது அவர் கட்சி. "கையால குவெரி எழுதறதெல்லாம் கற்காலம்" என்றார், கற்காலத்தை நேரில் பார்த்துவிட்டு வந்தவரைப் போல. இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லும் வேலையை அவளிடமே கொடுத்தார். தன் கழுத்துக்குத் தானே அளவெடுக்கிற வேலை.

வீட்டில் கணவர் பலகைமேல் மல்லாந்து படுத்திருந்தார். லாரி ஓட்டியவர், முதுகெலும்பு விலகியதிலிருந்து வீட்டுக்கு அவள் சம்பளம் ஒன்றுதான்.

"எது ஜெயிச்சுது?"

"தெருப் பட்டியல்ல நான்தான். லைப்ரரி ஒவ்வொரு வீடாப் போய்க் கதவைத் தட்டிக்கிட்டு நிக்குது. நான் தெருவையே ஒரே வாரா வாரிக்கிட்டு வந்துடறேன்."

"அப்புறம் என்ன?"

"மத்த திரையெல்லாம் அதுவும் என் வேகத்துக்கு ஓடுதுங்க. ரீடிங் பதியற இடத்துல நான் கோட்டை விட்டிருக்கேன். அது விடல."

அவர் மின்விசிறியைப் பார்த்தபடியே சொன்னார். "தெருப் பட்டியலை மட்டும் காட்டேன். பொய்யா சொல்லச் சொல்றேன்? மீதியைச் சொல்லாத, அவ்வளவுதான்."

"ரீடிங் தப்பா விழுந்தா ஏச்சு வாங்கறது நானில்ல. வெயில்ல நிக்கிறாரே, அந்த மனுஷன்."

"அப்ப நாம?"

அவள் அவரைப் பக்கவாட்டில் திருப்பி, வெந்நீர்ப் பையை இடுப்போரம் வைத்தாள்.

கூட்டத்தில், கண்ணாடி விரிசல் விட்ட பழைய கைபேசி ஒன்றை மேசையில் வைத்தாள். முதலில் லைப்ரரி எங்கெங்கே நல்லது என்று காட்டினாள். தன் பிழையைத் தானே திறந்து வைத்தாள். பிரசங்கியின் முகம் மலர்ந்தது. அடுத்தது தெருப் பட்டியல். வளையம் சுற்றியது. அவர் தொண்டையைச் செருமினார். வளையம் பதவி பார்க்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு அவளுடையதைத் தட்டினாள். கண் இமைப்பதற்குள் தெரு வந்து நின்றது. பின்வரிசையில் யாரோ மெதுவாகச் சீட்டியடித்தார்கள்.

"லைப்ரரியே இருக்கட்டும் சார். இந்த ஒரு இடத்துல மட்டும் கையால எழுதினதை விட்டு வைங்க."

"அக்கா, உங்களுக்கு எதிரா நீங்களே சாட்சி சொல்லிட்டீங்களே" என்று பக்கத்து நாற்காலிப் பெண் முணுமுணுத்தாள்.

"கண்ணு பார்த்ததைத்தானே சொல்ல முடியும்?"

"ரெண்டையும் கலக்கணும்னு நான் அப்பவே நினைச்சேன்" என்றார் பிரசங்கி. எப்போது என்று யாரும் கேட்கவில்லை. ஒரே ஒரு குவெரிக்காக ஆளை வைத்திருக்க முடியாது என்று அவளுடைய ஒப்பந்தத்தை அந்த மாதத்தோடு முடித்துக்கொண்டார்கள்.

பிறகொரு நாள் அவள் வீட்டு வாசலுக்கு மீட்டர்காரர் வந்தார்.

"இந்த நேரத்துல வீட்ல இருக்கீங்க?"

"இருக்கேண்ணே."

"இப்ப ஆப்பு பறக்குதும்மா. ரீடிங்கும் தப்பறதில்ல. உங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு இதுக்காகப் பரிசு கூடக் கொடுத்தாங்களாமே, ஆப்லயே படம் போட்டிருக்கு, பாருங்க."

அவர் கைபேசியை நீட்டினார். அவள் மீட்டர்க் குழி மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். பூங்கொத்தோடு பிரசங்கி சிரித்தார். மீட்டர்காரர் தட்டினார்; பிரசங்கி சிரித்து முடிப்பதற்குள் படம் விலகி, தெருவின் வீடுகள் வரிசையாக வந்து நின்றன, அவளுடையதும் சேர்ந்து.