மாலைக் கறவை

பேராசிரியையின் வலது தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. ஆயுசெல்லாம் மாட்டின் பின்புறம் கைவிட்டுச் சினை பார்த்த தோள் அது. போன வாரம்தான் கால்நடைக் கல்லூரியில் கைதட்டி, மைக்கில் புகழ்ந்து ஓய்வுகொடுத்து அனுப்பினார்கள். இப்போது வாளியும் கையுமாக அக்காவின் தொழுவத்தில் நிற்கிறாள்.

அக்காவுக்குக் கண்ணில் புரை. நாளைக்கு ஆபரேஷன். ஏற்கெனவே பலமுறை தள்ளிப்போட்டாயிற்று. இனியும் தள்ளினால் பார்வைக்குத் தான் பொறுப்பில்லை என்று கண் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அக்காவிடம் எப்போதும் ஒரே பதில்: பசுவை யாரிடம் விட்டுவிட்டு வர? அது வேற்றாளைத் தொடவிடாது. நானிருக்கிறேன் என்று தங்கை கிளம்பி வந்துவிட்டாள். இன்று தங்கையின் கைக்குப் பசு பால் இறக்கினால் நாளை அக்கா ஆஸ்பத்திரிக்குப் போவாள். அதுதான் பேச்சு.

முக்காலியில் உட்கார்ந்ததும் பழைய வாசனை ஏறியது. ஈர வைக்கோல், சாணம், பால்நுரை. அந்த நாளில் வீட்டில் முறை பிரித்திருந்தார்கள். காலைக் கறவை அக்காவுக்கு, மாலைக் கறவை இவளுக்கு. இவள் கல்லூரியில் சேர்ந்ததும் மாலையையும் அக்காவே எடுத்துக்கொண்டு, விரல் கோணிப்போகும்வரை கறந்தாள். "நீ படி. முறையை அப்புறம் கழிச்சுக்கலாம்" என்றாள்.

பட்டம் வந்தது, வெளியூர்க் கருத்தரங்குகள் வந்தன. மிரண்ட மாடு பாலை மடியிலேயே அடக்கிக்கொள்ளும் என்று நிரூபித்துத்தான் இவள் முனைவர் ஆனாள். பண்ணை பண்ணையாகப் போய், மாட்டை அடிக்கும் தடிகளைக் கீழே போடவைத்தாள். அக்காதான் கேலி பேசினாள்: "அடக்கிக்கறதுக்கெல்லாம் பட்டமா? அப்போ எனக்கு ரெண்டு குடுக்கணுமே. உன் அத்தான்கிட்ட எத்தனை வருஷம் வாயை அடக்கினேன்."

மடியைத் தொட்டாள். பசு கால் மாற்றியது. காதுகள் பின்னால் மடிந்தன. காம்பை இழுத்தாள். ஒரு சொட்டு இல்லை. பசு தலையைத் திருப்பி, மூக்கை விடைத்து, புஸ்ஸென்று மூச்சுவிட்டு ஒதுங்கியது.

அப்போதுதான் உறைத்தது. மாட்டைத் தொடுமுன் முழங்கை வரை கிருமிநாசினி சோப்புப் போடுவது வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் வந்த பழக்கம். இன்றும் பையிலிருந்து எடுத்துத் தேய்த்துவிட்டாள். ஊசி போட வருகிறவர்களின் வாசனை அது. திரும்பப் போய் வெறும் தண்ணீரில் கழுவி வந்தாள். கழுத்தைச் சொறிந்தாள், கொஞ்சினாள். மிரண்டது மிரண்டதுதான். அதட்டினால் இன்னும் அடக்கும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவளே இவள்தானே, என்ன செய்ய?

"நகரு டாக்டரம்மா. மடியில பால் கட்டிக்கப் போகுது" என்றாள் தொழுவத்து வாசலில் நின்ற அக்கா.

தடவித் தடவி வந்து உட்கார்ந்து, மடியை நிதானமாக நீவிவிட்டாள். கொஞ்ச நேரம் போனது. பிறகு வாளியில் சர்சர்ரென்று பால் விழுந்தது.

நாளைக்கு என்ன செய்வது என்று தங்கை இழுத்தாள்.

"நான் நாளைக்குப் போகல. நீ இங்கயே கிட. உன் வாசம் அதுக்குப் பழகட்டும். அந்த சோப்பைத் தூக்கிக் குப்பையில போடு. கண்ணை அப்புறம் பாத்துக்கலாம்."

தங்கை சோப்பைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தாள். படித்த காலமெல்லாம் அக்கா தனக்காகக் கறந்த மாலைகளில் ஒன்றைக்கூட அவள் இன்னும் திருப்பித் தரவில்லை.