எழுபத்திரண்டாவது சுற்று

என் பெயர் ஆவுடையப்பன். வயது இருபது. பம்பாய் தாராவியில் ஒரு தோல் பட்டறையில் வேலை பார்க்கிறேன். ஊர் சங்கரன்கோவில். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இந்தக் கடிதத்தையும் யாராவதுதான் வாசித்துக் காட்டுவார்கள்.

அப்பாவுக்கும் கிட்னி கெட்டுவிட்டதாம். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியதும் அவரைக் கோயிலை நூற்றியொரு சுற்று சுற்ற வைப்பதாக அம்மா நேர்ந்திருக்கிறாள். "அக்கா முடிச்ச மாதிரி அப்பாவும் முடிச்சிருவாவ" என்று எழுதச் சொல்லியிருக்கிறாள்.

அக்கா முடிக்கவில்லை. முடித்ததாகச் சொன்னது நான்.

அக்கா கோமதித்தாய்க்கும் இதே நோய்தான். அவளைக் கட்டிக்கொடுத்தது கரிவலம்வந்தநல்லூரில். குத்தவைத்தால் சுவரைப் பிடிக்காமல் எழ மாட்டாள். ஈரச் சேலையைப் பிழியக் கையில் வலு கிடையாது. தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும், அலையக் கூடாது என்று பாளையங்கோட்டை டாக்டர் சொல்லியிருந்தார். மாமியார் பேச்சித்தாய் அதைக் கேட்டுச் சிரித்தாள்.

"சோம்பேறித்தனத்துக்கு டாக்டரு சீட்டு எழுதிக் குடுத்துட்டாராக்கும்!"

எண்பத்து மூன்றாம் வருஷம் ஆடியில் அவள்தான் அக்காவைச் சுற்ற இழுத்து வந்தாள். சுற்றுக்கு ஒரு புளியமுத்து எடுத்து என் மடியில் போட்டு எண்ணிக்கொள்ள வேண்டும். அதுதான் என் வேலை.

அக்காவின் கால் வீங்கிப் பளபளத்தது. நாற்பதுக்கு மேல் மதிலைத் தடவித் தடவி வந்தாள். கூடச் சுற்றிய பெண்களுக்கு வேடிக்கை.

"ஏட்டி, மதிலுக்குச் சுண்ணாம்பா அடிக்கே?"

எழுபத்தொன்று முடிந்ததும் அக்கா என் பக்கத்தில் வந்து மூச்சிரைக்க நின்றாள்.

"மக்கா, மிச்ச முத்தையும் நீயே மடியில போட்டிரு. அத்தைகிட்ட முடிஞ்சிட்டுன்னு சொல்லிரு. ஒன் காலப் பிடிக்கேம்ல."

"சாமி காரியம்க்கா. பொய் சொன்னா ஒனக்குத்தான் கேடு" என்றேன்.

எழுபத்திரண்டாவது சுற்றில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பேச்சித்தாய் வந்தாள்.

"உக்காந்தா கணக்கு அழிஞ்சிட்டு. ஏலே, முத்தைக் கொட்டு. மொதல்ல இருந்து நடக்கட்டும்."

அப்படி ஒரு விதியே கிடையாது. உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுச் சுற்றுகிறவர்கள் உண்டு. முடியாதவர்கள் மிச்சத்தை மறுநாள் சுற்றுவார்கள். எனக்கு அது தெரியும். இருந்தும் கொட்டினேன். தரையில் உருண்ட முத்துகளை அக்கா பார்த்தாள்.

பேச்சித்தாய் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். "பாத்தியா, எந்திரிச்சிட்டா! நான் சொல்லல, அம்புட்டும் நடிப்பு."

ஒன்பது சுற்று நடந்தாள். பத்தாவதில் விழுந்தாள். தண்ணீர் தெளித்தோம். கண் திறக்கவில்லை. மூச்சு இல்லை என்று தெரிந்ததும் பேச்சித்தாய் என்னிடம் கேட்டாள்.

"எத்தனை சுத்துலே ஆச்சு?"

"ஒம்பது."

"குறை வச்சிட்டுப் போயிட்டாளே பாவி! இனி எம் மவன் தலையிலல்லா விடியும்!"

அம்மாவிடம், அக்கா நூற்றியொன்றையும் முடித்து அம்மனைக் கும்பிட்டபடியே போனாள் என்று சொன்னேன். மாரில் அடித்துக்கொண்டிருந்த அம்மா அடியை நிறுத்திவிட்டுக் கோயில் பக்கம் திரும்பிக் கையெடுத்தாள். அதற்குமேல் மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குறை வெளியே தெரிய வேண்டாமென்று பேச்சித்தாயும் அதை மறுக்கவில்லை. அந்தப் பொய்யை நம்பித்தான் இப்போது அப்பாவுக்கு நேர்ந்திருக்கிறாள்.

வாசிக்கிறவர்களுக்கு: கொடி ஏறுவதற்குள் அப்பாவும் அம்மாவும் சேர்ந்திருக்கும்போது இதை ஒரு வரி விடாமல் சத்தமாக வாசியுங்கள். அம்மா நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். அப்பா நடக்க வேண்டாம்.