மூன்றாவது பிளாப்பி

"மச்சான், இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்? கதவத் தொறந்து உட்ருன்னு மேனேஜர் கத்திகினு கீறாரு" என்று போனில் ராயப்பன் கேட்டபோது, "ஆயிடுச்சி மாமா, தோ" என்று வாய் கூசாமல் பொய் சொன்னான் இக்னேஷியஸ்.

ராயப்பன் இவனுடைய அக்கா புருஷன். சென்னீர்குப்பத்தில் இரும்பைப் பதப்படுத்தும் பட்டறையில் உலை பார்க்கிறவர். அந்த உலையின் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் புரோகிராமை எழுதியவன் இக்னேஷியஸ், அம்பத்தூர் எஸ்டேட்டில் தேவராஜின் மாடிக் கம்பெனியில் உட்கார்ந்து. சூடு அளக்கும் கருவி காலையில் எரிந்துபோக, வேறு மாதிரிக் கருவி ஒன்றை மாட்டியிருந்தார்கள். அதற்காகப் புரோகிராமில் இரண்டே வரி மாற்ற வேண்டும். அதுவரை ராயப்பன் கையாலேயே உலைக்குப் போகும் எண்ணெய்க் குழாயைத் திருகித் திருகிச் சமாளித்துக்கொண்டிருந்தார். சூடு கை மீறிச் சரக்கு வீணாகும் முன்னே உலைக் கதவைத் திறந்துவிடு என்பது மேனேஜரின் அவசரம்; ஆனால் சடாரென்று குளிரவிட்டால் உள்ளே கட்டிய கல்லெல்லாம் வெடித்துவிடும். வெடித்தால் மறுபடி கட்ட மாட்டேன், பட்டறையை இழுத்து மூடிவிடுவேன் என்று முதலாளி முன்பே சொல்லியாயிற்று.

வரிகளை மாற்றுவதா பெரிய வேலை! மாற்றியதை மெஷினுக்குப் புரியும்படி ஆக்கித்தரக் கம்பைலர் வேண்டுமே, அங்கேதான் வந்தது வினை. புது கம்பைலர் வந்தபோது பழையதற்கு ஒரு டைரக்டரி, புதியதற்கு ஒரு டைரக்டரி என்று பிரித்து வைத்திருந்தால் இரண்டும் ஒரே கம்ப்யூட்டரில் சண்டையில்லாமல் ஓடியிருக்கும். டிஸ்கில் இடம் பத்தாது, புதுசே பழசையும் பார்த்துக்கொள்ளும் என்று இக்னேஷியஸ் மகாராசன் பழையதன் மேலேயே புதியதை ஏற்றிவிட்டான். அது இப்போது பழைய புரோகிராமைப் பார்த்துத் திரை நிறையத் தப்பு தப்பு என்று கக்கியது.

பழையதை மறுபடி ஏற்ற மூன்று பிளாப்பிகள் இருந்தன. முதல் இரண்டும் சமர்த்தாக ஏறின. மூன்றாவது டிரைவுக்குள் கர்ர்க், கர்ர்க் என்றது. வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

போன ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டரோடு பிளாப்பிகளையும் உறையிலிருந்து எடுத்துச் சாமி படத்தின் முன்னால் அடுக்கியிருந்தார் தேவராஜ். வேதக்காரப் பையன் ஒதுங்கி நிற்கிறான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று, சந்தனக் கிண்ணத்தைக் கேட்டு வாங்கி எல்லாவற்றுக்கும் தாராளமாகப் பொட்டு வைத்தவன் இவன்தான். இந்த மூன்றாவதில் மட்டும் உள்தகடு வெளியே தெரிகிற சந்திலேயே அப்பியிருந்தான். சந்தனம் காய்ந்து ஒட்டிக் கிடந்தது.

"இந்தப் பழசு வேற எங்கனா கெடைக்காதாப்பா?" என்றார் தேவராஜ்.

"எவன் சார் வச்சிருப்பான்? எல்லாரும் புதுசுக்கு மாறிட்டான்."

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தான். "இயேசப்பா, இந்த ஒரு தடவ" என்று வாய்விட்டே கெஞ்சினான். கர்ர்க். மறுபடி படிக்கட்டுமா என்று திரை கேட்டது. படி என்று அழுத்தினான். கர்ர்க். மறுபடி அழுத்தினான்.

போன் அடித்தது.

"மாமா, தோ ஆயிடும், கொஞ்சம் புடிச்சி வையி..."

"தொறந்துட்டாங்க மச்சான்" என்றார் ராயப்பன். திட்டவில்லை. போனை வைக்கவும் இல்லை. அவருடைய மூச்சுக்குப் பின்னால், தூரத்தில் 'டப்' என்று ஒரு கல் வெடித்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று.

ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி, இக்னேஷியஸ் மறு கையால் அந்தப் பொத்தானையே தட்டிக்கொண்டே இருந்தான்.