பொலிசுக்குச் சொல்லிப்போடுவன்

"இன்னொருக்கா அந்தக் கனகம்மா வீட்டிலை தேத்தண்ணி குடிச்சியெண்டு அறிஞ்சனோ, பொலிசுக்குச் சொல்லி உன்னைப் பிளேனிலை ஏத்திப்போடுவன்!"

தயாபரன் போட்ட சத்தத்தில் அடுப்பிலிருந்த பால்கூடப் பொங்கி வழிந்தது. மனைவி தக்சிலா அதைத் துடைத்தாள்.

கீழ்மாடிக் கனகம்மா, ஊரில் அவனுடைய ஆட்கள் படலைக்கு வெளியே நிறுத்திப் பேசும் சாதி. நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் கனகம்மாவின் கணவனோடு ஒரே மேசையில் நின்று மீன் வெட்டியவன்தான் தயாபரன். அங்கே குறுக்கே வராத சாதி, ஒஸ்லோவுக்கு வந்தபின் தேத்தண்ணிக் கோப்பைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

தக்சிலாவின் விசா, அவனுடைய மனைவி என்ற பேரில் கிடைத்தது. சொந்த விசாவுக்கு இன்னும் காலம் இருந்தது. அதனால் கறியில் உப்புக் கூடினாலும் பொலிஸ். அம்மாவோடு போனில் நீளக் கதைத்தாலும் பொலிஸ்.

அன்று அவள் துணியைப் பிழிந்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "சும்மா வெருட்டாதேங்கோ. வட்டாரசபை உதவி அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் என்னைப் பற்றிச் சொல்லுங்கோவன்."

பொலிஸ் நிலையப் படியேற அவனுக்கே பயம். அலுவலகம் என்றால் பரவாயில்லை. அடுத்த நாளே கூட்டிப்போனான். அங்கே மக்டலீன் என்ற அலுவலரிடம், தனக்குத் தெரிந்த நொர்வீஜிய மொழியில் முறையிட்டான்.

"இவ சொல்வழி கேக்கிறா இல்லை. பொலிசுக்கு அறிவிப்பம் எண்டு நீங்கள் ஒருக்கா வெருட்டிவிட்டாக் காணும்."

மக்டலீன் கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தாள். பிறகு வெகு மரியாதையாகக் கதவைத் திறந்து, வெளியே கோப்பி இருக்கிறது என்றாள். "நான்தானே மொழிபெயர்க்க வேணும்" என்று அவன் முடிக்குமுன் கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரான ஒரு பெண்ணின் தமிழ்க்குரல் வந்தது.

"தங்கச்சி, அவ சொல்லுறதை அப்பிடியே சொல்லுறன். ஆருடைய விசா என்னெண்டு பொலிசுக்குச் சொல்லுறது தங்கடை வேலை இல்லையாம். மேலிடம் சொல்லச் சொல்லித்தான் கேக்குதாம். ஆனா அப்பிடிச் செய்தா, உதவி தேவைப்படுற சனம் பயத்திலை வராமல் விட்டிடும் எண்டு, இந்த வட்டாரசபை மாட்டம் எண்டிட்டுதாம். மற்றது, புருசன் கொடுமைப்படுத்திப் பிரிய வந்தாலும், விசாவுக்கு வழி இருக்காம். சட்டமே இருக்காம்."

தக்சிலா கதிரையை மேசைக்கு அருகே இழுத்துக்கொண்டாள். தண்ணீர் குடித்தாள். பிறகு ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டாள். இடையில் மூன்று பெண்களும் சேர்ந்து சிரித்த சத்தம் கதவைத் தாண்டி வந்தது. தயாபரனுக்குக் கோப்பி இறங்கவில்லை.

பஸ் தரிப்பில் பனி தூறிக்கொண்டிருந்தது.

"என்னவாம்?"

"பொலிசுக்கு அறிவிக்கலாமாம்."

அவன் முகம் மலர்ந்தது. "பாத்தியே! நான் சொன்னனான்."

"ஓம். ஆனா நான்தான் அறிவிக்க வேணுமாம். உங்களைப் பற்றி. தனியப் போகப் பயமெண்டா மக்டலீனும் கூட வருவாவாம்."

பஸ் வந்து நின்றது. தயாபரன் ஏறுவதா விடுவதா என்று தெரியாமல் நின்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதொண்டையும் அந்தக் கனகம்மாவுக்குச் சொல்லிப்போடாதை. மானம் போயிடும்" என்றான்.

"அவவுக்கு எல்லாம் தெரியுமப்பா," என்றபடி தக்சிலா முன்னே ஏறினாள். "தன்னை வெருட்டின மனுசனையும் அவ இந்த மக்டலீனிட்டைத்தான் கூட்டிக்கொண்டு வந்தவ."