டார்சி அடைத்த மூன்று வீடுகள்

டீ கேனின் குழாயைத் திறந்து கோப்பையை நிரப்பிக்கொண்டிருந்த டார்சியின் தோளில் பெவன் கையை வைத்தார். அப்பாவின் எதிர்வீட்டுக்காரர், முப்பது வருஷப் பழக்கம். காலையில் அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் அவரும் ஒருவர்.

"உங்கப்பா போன மாசம்கூடச் சொன்னாருடா. 'எம்பையன் வீட்டை அப்படி அடைச்சுக் குடுத்துட்டான், வெறும் சட்டையோட உக்காந்து ஃபுட்பால் பாக்குறேன்'னு. பல்லரட் குளிர்ல, வெறும் சட்டையோட! கடைசிக் காலத்துல அந்தச் சுகத்தையாவது குடுத்தியே."

கோப்பை நிரம்பி வழிந்து விரலைச் சுட்டது. டார்சி குழாயை மூடினான்.

இரண்டு மணி நேரத்துக்கு முன்னால், சர்ச் வாசலில் கார்களுக்கு நடுவே நிற்கும்போது அந்தப் போன் வந்தது. வீட்டைச் சோதித்த கேஸ் அதிகாரி பேசினார். அப்பாவின் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இருந்தது முன்பே தெரிந்த விஷயம்தான். பழைய கேஸ் ஹீட்டர், சனியன், என்று குடும்பமே திட்டித் தீர்த்திருந்தது.

"ஹீட்டர்ல ஒரு குறையும் இல்லீங்க," என்றார் அவர். "அது எரியக் காத்து வேணும். சுவர்ல இருக்கிற காத்துத் துளை அத்தனையையும் பலகை வச்சு, சிலிகான் பசை போட்டு அடைச்சிருக்காங்க. ஜன்னல் இடுக்கைக்கூட விடல. அடுப்புக்கு மேல பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் வேற. அது வீட்டுக் காத்தை வெளிய இழுக்குது. பதிலுக்கு உள்ள வர வேற வழியில்லாம, புகைக்குழாய் வழியா மேல போன விஷவாயு திரும்பக் கீழ இறங்கிடுச்சு. யார் அடைச்சாங்கன்னு தெரியுமா?"

"விசாரிச்சுச் சொல்றேன்," என்றான் டார்சி.

சொல்லி முடித்ததும் தன் குரலே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

அவன் தச்சன். இங்கே குளிர்காலம் தொடங்கும் மே மாதம், அம்மாவின் விரல் மூட்டுகள் குளிரில் வீங்கியபோது, இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து அடைத்தான். ஃபேனையும் அவனே மாட்டினான். அதைப் பார்த்துவிட்டு வால்மா அத்தை, எனக்கும் செய்துகொடு என்றாள். பிறகு பெவன். அத்தை பழக் கேக் கொடுத்தாள், பெவன் ஒரு பெட்டி பீர் கொடுத்தார். நல்ல பேர் வாங்குவது யாருக்குத்தான் கசக்கும்?

அதற்கும் ஒரு மாதம் முன்பு, ஏப்ரலில், கோடை முடிந்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கும் ஞாயிறன்று, ஊரே செய்வதுபோல அவனும் அப்பா வீட்டுப் புகை அலாரத்துக்குப் பேட்டரி மாற்றினான். பேட்டரி வாங்கிய கடையில் பக்கத்துத் தட்டிலேயே மோனாக்சைடு அலாரம் இருந்தது. கையில் எடுத்தும் பார்த்தான். கூரையில் ஏற்கெனவே ஒன்று கத்துகிறதே, இது எதற்கு என்று வைத்துவிட்டு வந்தான். புகைக்குத்தான் அது கத்தும். அப்பாவைக் கொன்றதற்குப் புகையும் இல்லை, நாற்றமும் இல்லை.

அப்பா செத்தது, அம்மா பௌல்ஸ் என்ற பந்துருட்டும் போட்டிக்காக மில்டுரா ஊருக்குப் போயிருந்த வாரம். அப்பா ஆட்டுக்கறி வறுத்தார், ஃபேனை அணைக்க மறந்தார், டிவி முன்னால் உட்கார்ந்தார். காலையில் எட்டிப்பார்த்த வால்மா அத்தைதான் தன் அண்ணனைக் கண்டெடுத்தாள். டிவி ஓடிக்கொண்டே இருந்ததாம்.

அடக்கம் முடிந்து எல்லாரும் இங்கே பௌல்ஸ் கிளப்பில்தான் இருக்கிறார்கள், வீடுகளில் யாரும் இல்லை, சாயங்காலத்துக்குள் காதும் காதும் வைத்தாற்போல் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொள்ளலாம். இதையே அவன் இரண்டு மணி நேரமாகத் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மூலை நாற்காலியில் அம்மா துக்கம் கேட்க வந்தவளிடம் பேசுவது கேட்டது.

"மார்ச்லயே ஹீட்டர் சர்வீஸ்காரன் வர்றேன்னான். நாந்தான் போட்டிக்குப் பயிற்சி இருக்கு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு சொல்லிட்டேன். நான் மட்டும் அன்னிக்கு வரச் சொல்லியிருந்தா..."

காலையிலிருந்து இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாளோ. டார்சி ஐந்தடி தூரத்தில் நின்றும் வாயைத் திறக்கவில்லை. கோழைத்தனம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் கிடையாது. அவனுக்கே அது தெரியும்.

வால்மா அத்தை மேசையிலிருந்து நான்கு சாசேஜ் ரோல்களை எடுத்துக் காகிதத்தில் சுற்றினாள்.

"கோரல், நான் கிளம்புறேன்," என்றாள் அம்மாவிடம். "மெர்வுக்குக் கொஞ்சம் எடுத்துக்கிட்டேன்."

"மெர்வ் மாமா எங்க?" என்றான் டார்சி. சர்ச்சில் பின்வரிசையில் இருப்பார் என்றே நினைத்திருந்தான்.

"அவர் எங்கடா வந்தார்? காலையிலேருந்தே தலைவலி, வாந்தி வர்ற மாதிரி இருக்குன்னார். ஃப்ளூதான். ஹீட்டரை நல்லாக் கூட்டி வச்சு, சோபாவுல படுக்க வச்சுட்டு வந்தேன். சூப்பு சின்னத் தீயில கிடக்கு."

"ஃபேன்?"

"ஓடுது. ஆவி படிஞ்சா அவருக்கு ஆகாதே. ஏன்டா முழிக்கிற? எங்களுது ஒண்ணும் பழைய ஹீட்டர் இல்ல. நாலு வருஷம்தான் ஆச்சு."

"போன் போடுங்க அத்தை. மாமாவை வெளிய வரச் சொல்லுங்க," என்று வாய்க்குள்ளேயே முனகினான்.

"என்ன? வாயில என்னத்தை வச்சிருக்க? ஒழுங்காச் சொல்லு."

"வெளிய வரச் சொல்லுங்க!" அவன் கத்தியது கிளப் முழுக்கக் கேட்டது. "அப்பா ஹீட்டர்ல ஒரு கோளாறும் இல்ல. நான் அடைச்சேனே, அதுதான். காத்து வர வழியில்லாம விஷம் உள்ள இறங்கிடுச்சு. உங்க வீட்டையும் அப்படித்தான் அடைச்சு வச்சிருக்கேன். பெவன், உங்க வீட்டையும். காலையிலயே போன்ல சொன்னாங்க. நான் சொல்லல."

அம்மா தலை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அத்தை வீட்டுக்குப் போட்ட போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. முதலில் சுதாரித்தவர் பெவன்தான். தன் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு அத்தை வீட்டு விலாசத்தைச் சொல்ல ஆரம்பித்தார்.

டார்சி வண்டிக்கு ஓடினான். அத்தை பின்னால் ஏறினாள். முன் கதவைத் திறந்து அம்மா ஏறி உட்கார்ந்தாள். நான்கு தெரு தூரம். அம்மா பெல்ட்டைப் போட மறந்திருந்தாள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். மெர்வ் மாமா சோபாவில் சிவந்த முகத்தோடு கிடந்தார். கக்கத்தில் கைகொடுத்துத் தரதரவென்று இழுத்துவந்து வாசல் புல்லில் போட்டான். அத்தை அவர் கன்னத்தில் தட்டிக்கொண்டே அண்ணன் பெயரைச் சொல்லி அழுதாள், புருஷன் பெயர் அவள் வாயில் வரவேயில்லை. கொஞ்ச நேரம் கழித்து மாமா புல்லிலேயே வாந்தியெடுத்தார். கண்ணைத் திறந்தார்.

"எவன்டா கதவைத் திறந்து வச்சது?" என்றார். "குளிருது."

டார்சி அப்படியே ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டான். அப்பா செத்த நாளிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது.

ஆம்புலன்ஸ் வந்து மாமாவுக்கு ஆக்சிஜன் வைத்து ஏற்றிக்கொண்டு போனது, அத்தையும் கூடப் போனாள். தீயணைப்புக்காரர்கள் ஹீட்டரை அணைத்து, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, கையில் ஒரு மீட்டரோடு அறை அறையாக நடந்தார்கள். அவர்களில் ஒரு பெண் கேட்டாள்.

"மோனாக்சைடு அலாரம் இல்லையா?"

டார்சி கூரையைக் காட்டினான்.

"அது புகைக்கு. இதுக்குத் தனியா ஒண்ணு வேணும். இந்த ஊர்ல பாதிப் பேர் அது இருக்கேன்னுதான் தூங்குறாங்க. இன்னும் அரை மணி நேரம் போயிருந்தா, நாங்க வந்து பிரயோஜனமே இல்ல." அவள் மீட்டரை அவனிடம் காட்டினாள். "இப்ப உள்ள போகலாம். ஹீட்டரைத் தொடாதீங்க."

அவர்கள் போனதும் டார்சி வண்டியிலிருந்து ஏணியையும் உளியையும் எடுத்துவந்தான். துக்கக் கோட்டைக் கழற்றிப் படிக்கட்டில் போட்டான். சிலிகானைக் கெட்டியாகத்தான் வைத்திருந்தான், அவன் வேலை என்றைக்குமே சுத்தம். முதல் பலகை பெயர்ந்து வந்தபோது காற்று விசிலடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது.

அம்மா அருகில் வந்து, வீங்கிய விரல்களை அந்தத் துளைக்கு நேரே நீட்டினாள். குளிர் உறைக்கும்வரை அப்படியே வைத்திருந்தாள்.

"சர்வீஸ்காரன் வந்திருந்தா இதைப் பாத்திருப்பானா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. அவன் வர்றதா இருந்தது மார்ச்ல. நான் அடைச்சது மே மாசம். உன்மேல தப்பே இல்ல."

அவன் மற்ற மூன்றையும் பெயர்த்து முடிக்கும்வரை அம்மா அங்கேயே நின்றாள். வெளியே வெயில் மங்கத் தொடங்கியிருந்தது.

"பெவன் வீட்டுல எத்தனை?"

"ஆறு."

"இருட்டுறதுக்குள்ள முடியுமா?"

"ஏணியைப் பிடிக்க ஆள் இருந்தா முடியும்."

அவன் ஏணியை மடக்கி ஒரு முனையைத் தூக்கினான். அம்மா குனிந்து மறுமுனையைத் தூக்கிக்கொண்டாள். அவளுடைய கறுப்புச் செருப்பின் குதி ஈரப் புல்லில் புதையப் புதைய, இருவரும் வண்டியை நோக்கி நடந்தார்கள்.